மனேஜரை நிற்பாட்டிய கோடை

எங்கள் நகரத்துப் பேஸ்போல் ரீமின் முதலாளிமாரைத் திட்டிய அளவுக்கு நான் வாழ்க்கையில் வேறு யாரையும் திட்டியதில்லை. மாமனாரைக்கூட இல்லை. ஒரு விளையாட்டுக்காரன் நன்றாக அடிக்கத் தொடங்கினால் மற்ற ஊர்க்காரர் சந்தோசப்படுவார்கள். நாங்கள் பயப்படுவோம். அடுத்த வருடம் அவன் வேறு நகரத்து உடுப்பில் நிற்பான். விளைந்தவுடன் விற்றுவிடுவார்கள். மிஞ்சிய பெடியன்களை வைத்துக்கொண்டு மனேஜர், பாவம், ரீம் மாதிரி ஒன்றைக் காட்டுவார். தோற்றால் பிழை அவருடையது.

கனடாவில், மொன்ட்ரியாலில், எங்கள் தமிழ் ஆட்கள் பேஸ்போல் பார்ப்பதில்லை. கிரிக்கெட் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்காக ஐஸ் ஹொக்கி விளங்குவதாக நடிப்பார்கள். என்னைப் பேஸ்போலுக்குள் இழுத்துவிட்டவர் என்னோடு பேக்கரியில் வேலை செய்த அண்ணை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்களைப் போல மொன்ட்ரியால்-நோர் பகுதியில்தான் இருந்தார், மூன்றாம் மாடியில், கோடையில் அடுப்பு மாதிரிக் கொதிக்கும் வீடு. ஒரு நாள் வெக்கை தாங்காமல் பீ-நெஃப் வீதி பஸ்ஸில் ஏறி, மைதானத்தில் இறங்கி, ஆகக் குறைந்த விலை ரிக்கெற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். விளையாட்டுப் பார்க்க இல்லை. கூரை போட்ட மைதானம், உள்ளே குளிர், பக்கத்தில் ஆளில்லை. நித்திரை கொள்ளப் போனவர். இரண்டு கதிரை தள்ளி ஒரு பந்து வந்து விழுந்த சத்தத்தில் எழும்பினார். அதற்குப் பிறகு அவர் அங்கே நித்திரை கொள்ளவில்லை.

நாங்கள் போகத் தொடங்கிய காலத்தில் அந்த மைதானத்தில் சனம் இருந்த நாட்கள் குறைவு. ஒருவன் இருமினால் எதிர்ப்பக்கம் கேட்கும். மேலே இருக்கிற ரிக்கெற்றை எடுத்துவிட்டு மூன்றாவது இன்னிங்ஸில் கீழே இறங்கி வருவோம். இடம் காட்டுகிற கிழவர் எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார். அண்ணை அவருக்கு ஒரு மீன் ரோல்ஸ் கொடுப்பார்.

"தம்பி, இந்த விளையாட்டில எனக்கு என்ன பிடிக்கும் தெரியுமே? ஒருத்தரும் கதைக்கிறதில்லை. மனேஜர் மூக்கைச் சொறிவார். பிடிக்கிறவன் விரலைக் காட்டுவான். எறியிறவன் தலையை ஆட்டுவான். அலுவல் முடிஞ்சுது. ஒரு மொழியும் தேவையில்லை."

அண்ணைக்குப் பிரெஞ்சு ஓடாது. வந்த நாளிலிருந்து இரட்டை வேலை, பள்ளிக்கூடம் போக நேரமில்லை. எனக்கு ஓடும். வந்த வருடமே அரசாங்க வகுப்புக்குப் போனேன். மிச்சத்தைப் பேஸ்போல் ரேடியோவில் படித்தேன். அதனால் பேக்கரியில் பொஸ் என்ன சொன்னாலும் எங்கள் ஆட்களுக்குச் சொல்வது நான், எங்கள் ஆட்கள் என்ன சொன்னாலும் பொஸ்ஸுக்குச் சொல்வது நான். அதற்கென்று தனிச் சம்பளம் இல்லை. ஆனால் மரியாதை இருந்தது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மொழிபெயர்க்கிற விதம் ஒன்று இருந்தது. பொஸ் வந்து, "இந்தக் கழுதைகள் என்ன நித்திரையோ?" என்று கத்துவார். நான் திரும்பி, "கொஞ்சம் கெதியாச் செய்யட்டாம்" என்பேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "உவனுக்கென்ன விசரோ? நாய்க்குப் பிறந்தவன்" என்பார். நான் பொஸ்ஸிடம், "யோசித்துப் பார்க்கிறாராம்" என்பேன். இரண்டு பக்கமும் எனக்கு நன்றி சொன்னார்கள். அந்தப் பேக்கரியில் சண்டை வராததற்குக் காரணம் நான்தான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் ஆட்களுக்கு ஒருவரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லும் பழக்கம் கிடையாது. பேந்து பாப்பம், அதாவது பிறகு பார்ப்போம், என்போம். அது இல்லைதான் என்று கேட்டவருக்கு விளங்கும். நான் அந்தப் பழக்கத்தைப் பிரெஞ்சுக்கும் கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

ரீம் மனேஜரை வேலையிலிருந்து நிற்பாட்டிய செய்தி வந்தபோது நாங்கள் பேக்கரியில் நின்றோம். கோடை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் மா அப்பிய ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். செய்தியில் சொன்ன பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரியாது. பக்கத்தில் தட்டு அடுக்கிய ஹெயிட்டிக்காரனைக் கேட்டேன். அவன் பெருவிரலால் கழுத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாண் தட்டைத் தூக்கி மேசையில் அடித்தேன்.

"அண்ணை, கேட்டியளே? அந்த மனிசனை நிப்பாட்டிப்போட்டாங்கள்!"

"ஆரை?"

"மனேஜரை! இத்தனை வருசம் அந்தாளில்லாட்டி இந்த ரீம் எங்கை? ஒண்டுமில்லாத பெடியளை வைச்சு வெண்டு காட்டின மனிசன். அந்தாளுக்கு முகத்தைப் பாத்துச் சொல்லியிருப்பாங்கள் எண்டு நினைக்கிறியளே? போனிலதான் சொல்லியிருப்பாங்கள். கோழையள்!"

போனில் சொன்னார்களா, கூப்பிட்டு இருத்திச் சொன்னார்களா, எனக்குத் தெரியாது. ரேடியோவில் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் முடிவு கட்டினேன். அந்தக் கிழமை முழுவதும் அதையே ஒரு சாட்சி மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணை மா குழைக்கிற மெசினை நிற்பாட்டிவிட்டு, "நீ முதல் தட்டை நேரா வை. பாண் சப்பையாப் போகும்" என்றார்.

அந்த மெசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கம்பி மூடி. மூடியைத் திறந்தால் மெசின் தானாக நிற்கும். கை உள்ளே போகக்கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மா போட மூடியைத் திறந்து, மெசின் நின்று, திரும்ப ஓடத் தொடங்க நேரம் போகும். பழைய முதலாளி இருந்தவரை அது ஒரு பிரச்சினை இல்லை. அவருடைய மகன், இப்போதைய பொஸ், பொறுப்பெடுத்த பிறகு யாரோ மூடியின் சுவிச்சைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். மூடி திறந்தபடி மெசின் ஓடியது. அண்ணை விடிய ஐந்து மணிக்கு வந்தவுடன் செய்கிற முதல் வேலை அந்தக் கம்பியை வெட்டுவது. மத்தியானம் யாரோ திரும்பக் கட்டுவார்கள். அடுத்த நாள் திரும்ப வெட்டுவார். யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. கட்டாதே என்றும் சொல்லவில்லை. வெட்டுவார், கம்பியைக் குப்பையில் போடுவார், மா குழைப்பார்.

ஜூன் கடைசியில், பள்ளிக்கூடங்கள் மூடுகிற கிழமை, பொஸ் என்னைக் கூப்பிட்டு அண்ணையை அலுவலகத்துக்குக் கூட்டிவரச் சொன்னார். எங்கள் பேக்கரி பள்ளிக்கூடங்களுக்குத்தான் கூடுதலாகப் பாண் அனுப்பியது. அதனால் ஒவ்வொரு கோடையும் ஏழெட்டுப் பேரை லே-ஓஃப் பண்ணுவார்கள். ஓகஸ்ட் கடைசியில் திரும்பக் கூப்பிடுவார்கள். அது வழமை. ஆட்கள் அதை விடுமுறை மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அண்ணையும் முன்பு இரண்டு மூன்று கோடை வீட்டில் நின்றிருக்கிறார்.

அலுவலகத்தில் மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும். பொஸ் கதிரையில் இருந்தார், நாங்கள் நின்றோம். மேசையில் ஒரு கடிதம் இருந்தது.

"இவனுக்குச் சொல்லு," என்றார் பொஸ். "இன்றைக்குக் கடைசி. லைனை மெதுவாக்குகிறவன் எனக்குத் தேவையில்லை. இது கோடை நிறுத்தம் இல்லை. முடிந்தது. திரும்ப வரவேண்டாம்."

கழுத்தில் கோடு இழுத்துக் காட்டிய சொல்லையே அவரும் பாவித்தார். இந்த முறை அதன் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. விளங்காமல் பிழை விட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பொஸ் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"லே-ஓஃப் அண்ணை," என்றேன். "வேலை குறைவாம். பேந்து கூப்பிடுவினமாம்."

"வழமைபோல ஓகஸ்டோ?"

"ஓம்."

"அவ்வளவுதானே? நான் பயந்துபோனன்." கடிதத்தை எடுத்து மடித்து மேற்சட்டைப் பையில் வைத்தார். "நீ வாசிச்சனிதானே?"

"ஓம்."

"பேந்தென்ன."

பிறகு அவர் மேசைக்கு மேலால் கையை நீட்டி, தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னார். "மெர்சி." பொஸ் திடுக்கிட்டுவிட்டார். எழும்பி நின்று கை கொடுத்தார். அண்ணை வெளியே போன பிறகு என்னைப் பார்த்து, "நான் நினைத்ததைவிட நன்றாக எடுத்துக்கொண்டான். நீ கெட்டிக்காரன்" என்றார்.

அன்று பின்னேரம் போய்ச் சொல்வோம் என்று நினைத்தேன். அன்று போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கென்ன, மூளை கழண்டு போச்சே? இப்பவே போய்ச் சொல்லுங்கோ."

"சொல்லத்தான் போறன். எப்பிடிச் சொல்லுறதெண்டுதான்..."

"வாயாலதான் சொல்லுறது. முதலாளிமாரைப் பற்றி வாய் கிழியக் கத்துறியள். இதுக்கு மட்டும் வாய் வராதோ?"

நான் கோபப்பட்டு வெளியே போனேன். டெப்பனோர் என்கிற மூலைக் கடைக்குப் போய் ஒரு பெப்சி வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அண்ணை வீட்டுக்குப் போகவில்லை.

அந்த ஜூலையிலும் ஓகஸ்டிலும் நாங்கள் நாலு ஆட்டம் பார்த்தோம். அண்ணைக்கு நேரம் இருந்தது. அவர் முதலே போய் ரிக்கெற் எடுத்து வைத்துவிட்டு வாசலில் நிற்பார். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. நல்லாக நித்திரை கொள்கிறாராம், இடுப்பு நோ குறைந்துவிட்டதாம். நான் பக்கத்தில் இருந்து புதிய மனேஜரைத் திட்டினேன். பழைய மனேஜரை நிற்பாட்டியவனைத் திட்டினேன். எழும்பி நின்று தமிழில் கத்தினேன். கீழே விளையாடியவர்களுக்கு அது என்ன மொழி என்றே தெரியாது.

"முகத்தைப் பாத்துச் சொல்லத் துணிவில்லாத நாயள்!"

"டேய், இரு. ஏன் இப்பிடிக் கத்துறாய்? அந்தாள் காசோடை வீட்டை இருக்கு. மீன் பிடிச்சுக்கொண்டிருப்பார். உனக்குத்தான் பிரஷர் ஏறுது."

"அநியாயம் அண்ணை."

"அநியாயம்தான். ரோல்ஸைச் சாப்பிடு."

மூன்றாவது ஆட்டத்தின்போது அவர் ஒரு விசயம் சொன்னார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கிற ஒருவர் இவரை வேலைக்குக் கேட்டிருக்கிறார். நிரந்தர வேலை. பெட்டி இறக்குவது, அடுக்குவது.

"என்ன சொன்னனீங்கள்?" என்றேன்.

"வேண்டாமெண்டிட்டன். ஓகஸ்ட் கடைசியில இஞ்சை கூப்பிடேக்கை அங்கை விட்டிட்டு வந்தா அந்தாளுக்கு மரியாதை இல்லை. வேறை ஆரையும் பிடிக்கச் சொன்னனான்."

என் வாயில் ரோல்ஸ் இருந்தது. மென்று விழுங்கினேன். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் அவர் ஜான்-டலோனுக்குப் போயிருப்பார், அந்த இடம் இன்னும் காலியாக இருந்திருக்கும். நான் சொன்னது இதுதான்: "உதுக்கும் ஓமெண்டு சொல்லி வைச்சிருக்கலாமே அண்ணை." அவர் சிரித்தார். "இரண்டு தோணியில கால் வைக்கச் சொல்லுறியோ?"

எங்கள் ரீம் அன்று தோற்றது. எப்படித் தோற்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பள்ளிக்கூடம் தொடங்குகிற கிழமை லே-ஓஃபில் நின்ற எல்லோருக்கும் பேக்கரி போன் அடித்தது. அண்ணைக்கு அடிக்கவில்லை. போன் நம்பர் பிழையாக எழுதியிருப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமை விடிய, வெள்ளைத் தொப்பியும் சாப்பாட்டுப் பெட்டியுமாக, லொறி ஏற்றுகிற கதவடியில் வந்து நின்றார். எல்லோரும் அவரைக் கண்டு சந்தோசப்பட்டார்கள். ஹெயிட்டிக்காரன் வந்து முதுகில் தட்டினான். அண்ணை கையைக் கழுவிக்கொண்டு நேரே மெசினடிக்குப் போனார். அங்கே வேறொருவன் நின்றான்.

பொஸ் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அவன் இங்கே என்ன செய்கிறான்?"

"வேலை கேட்டு வந்திருக்கிறான்," என்றேன். பேச்சு வராமல் திக்கியது. "திரும்ப எடுக்கலாமா என்று..."

"ஜூனில் சொன்னேன். நீதானே சொன்னாய். அவன் எனக்குக் கை கொடுத்தான். போய் அனுப்பிவிடு."

நான் போனேன். அண்ணையைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். பொஸ்ஸின் வார்த்தையை அண்ணைக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் இது. நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் மனம் மாறீட்டான் அண்ணை. உங்கடை இடத்துக்கு வேறை ஆளை எடுத்திட்டானாம்."

"நிப்பாட்டிப்போட்டானோ?"

"ஓம் போல."

அண்ணை தொப்பியைக் கழற்றினார். "சரி, நீ உள்ளை போ. உன்னையும் ஏசப்போறான்," என்றார். சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் தந்தார். "புட்டும் முட்டைப்பொரியலும். நான் இனி வீட்டை போய்ச் சாப்பிடுவன்தானே. இதை நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். அதையும் மறைக்க வேண்டாம். பத்து மணி இடைவேளைக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் அண்ணையின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயது, தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே வளர்ந்த பிள்ளை. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கையில் அந்தக் கடிதம்.

"அங்கிள், ஜூனில கழட்டிக் கொழுவின அப்பாவின்ரை வேலைச் சேர்ட்டை இப்ப தோய்க்கேக்கை பொக்கெற்றில இருந்தது. இதில லே-ஓஃப் எண்டு எழுதேல்லை."

மனைவி குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு உதவிக்கு ஆள் இல்லை.

"ஓம் பிள்ளை."

"உங்களுக்குத் தெரியுமோ அது?"

"தெரியும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவள் பிரெஞ்சும் தமிழும் கலந்து, மெதுவாக, ஒரு படிவம் நிரப்புகிற மாதிரிச் சொன்னாள். வேலைச் சட்ட அலுவலகத்துக்குப் போன் பண்ணியிருக்கிறாள். பதினொரு வருடம் வேலை செய்த ஒருவரைக் காரணமில்லாமல் நிற்பாட்ட முடியாதாம். ஆனால் நாற்பத்தைந்து நாளுக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டுமாம். அந்த நாட்கள் போய்விட்டன. அங்கே போனில் கதைத்த பெண் ஒரு வழி சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குப் பிழையாகச் சொல்லப்பட்டது என்று, சொன்னவரே எழுதிக் கையெழுத்து வைத்தால், பிந்தியதையும் ஏற்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாமாம்.

"இரண்டு வரி காணும் அங்கிள். நான் பிரெஞ்சில எழுதிக்கொண்டு வாறன். நீங்கள் சைன் பண்ணினாச் சரி."

நான் கையெழுத்து வைக்கிற கடிதம் பொஸ்ஸின் மேசைக்கும் போகும். அது எனக்கு உடனே விளங்கியது. வேறொன்றும் அப்போது விளங்கவில்லை.

"பாப்பம் பிள்ளை," என்றேன்.

"ஓமோ, இல்லையோ?"

"யோசிச்சுப் பேந்து சொல்லுறன்."

"நாளைக்கோ?"

"நாளைக்கில்லை... பேந்து."

அவள் கடிதத்தை மடித்துக்கொண்டு போனாள். இந்த நாட்டில் வளர்ந்தவளுக்கு எங்கள் ஆட்களின் பேந்து விளங்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த நாள் அதை அவளுக்கு விளங்கப்படுத்தியவர் அண்ணைதான் போல. வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, பிள்ளை உங்கை வந்ததாம். நான் வரச்சொல்லேல்லை."

"அண்ணை, நான்..."

"விடு. உனக்கும் பிள்ளையள் இருக்கு. ஒண்டு மட்டும் கேக்கிறன். அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"உங்கடை முகத்தைப் பாத்துச் சொல்ல மனம் வரேல்லை அண்ணை. பாவமாக் கிடந்தது."

"பாவமாக் கிடந்ததோ?" என்றார். பிறகு, "சரி, வைக்கிறன்."

பாவமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கூட இருந்தது பயம். பொஸ் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை கத்தியிருந்தால், அழுதிருந்தால், ஏன் என்று கேட்டிருந்தால், அதையும் நான்தான் பிரெஞ்சில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அண்ணையின் வாயாக நான் பொஸ்ஸுக்கு முன்னால் நிற்க வேண்டி வந்திருக்கும். நான் அதற்குத் தயாரில்லை. அவர் என்னை விட்டுவிட்டார் என்றதும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. நிம்மதி. போனை வைத்துவிட்டுப் போய் ரேடியோவில் ஆட்டத்தைப் போட்டேன்.

அந்தக் கடிதம் எழுதப்படவில்லை. முறைப்பாடும் போகவில்லை. ஜான்-டலோனில் அந்த மரக்கறிக் கடைக்காரர் வேறு ஆளை எடுத்துவிட்டார். அண்ணை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். இரண்டு பஸ், ஒரு மெட்ரோ, திரும்பவும் ஒரு பஸ். மொன்ட்ரியால் தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. அறுபதை நெருங்குகிற மனிசன்.

பேக்கரியில் மா மெசினுக்கு வந்த புதியவன் அவசரக்காரன். ஒரு நாள் கம்பி அறுந்து மெசின் நின்றுவிட்டது. பொஸ் அலுவலகத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் போய்ச் சுவிச்சைக் கட்டினேன். அதற்குப் பிறகு அதைக் கட்டுவது என் வேலையாகிவிட்டது. கை ஒன்றும் போகவில்லை, அதிர்ஷ்டம்.

மூன்று வருடம் கழித்து, 2004. ரீமைத் தூக்கி வாஷிங்டனுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்ற செய்தி வந்த நாளும் கடைசி உள்ளூர் ஆட்டம் நடந்த நாளும் ஒன்று. வருடக்கணக்காக வராத சனமெல்லாம் அன்று வந்தது. மேலே இருந்து கீழே வர இடமில்லை. கிழவர்கள் அழுதார்கள். நான் தனியப் போயிருந்தேன். எங்கள் பழைய இடத்தை இரண்டு மூன்று தரம் பார்த்தேன். அங்கே ஒரு குடும்பம் இருந்தது, பிரெஞ்சுக்காரர்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது ரீவிக்காரி ஒருத்தி மைக்கை நீட்டினாள். எப்படி உணர்கிறீர்கள் என்றாள். நான் உணர்ந்ததைச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியிருப்பேன். நல்ல பிரெஞ்சில், திக்காமல். இந்த முதலாளிமார் கோழைகள் என்றேன். விளையாட்டுக்காரரை விற்றார்கள், மனேஜரை நிற்பாட்டினார்கள், கடைசியில் ரீமையே கொண்டுபோகிறார்கள், ஒருவனுக்கும் எங்கள் முகத்தைப் பார்த்து உண்மை சொல்லத் துணிவில்லை என்றேன். பக்கத்தில் நின்ற சனம் கை தட்டியது. அன்று மாலைச் செய்தியில் அதைப் போட்டார்கள். மனைவி பார்த்துவிட்டு எழும்பிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை தமிழ்க் கடையில் அண்ணையின் மகளைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள். படிப்பு முடித்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாளாம். நான் மற்றப் பக்கத்தால் போயிருப்பேன், அவள் முதலே கண்டுவிட்டாள்.

"அங்கிள், உங்களை ரீவியில பாத்தனாங்கள்."

"அப்பிடியோ?"

"அப்பாவும் பாத்தவர்."

கேட்காமல் போயிருக்கலாம். "என்ன சொன்னவர்?" என்றேன்.

"அவருக்கு விளங்கேல்லை. நான்தான் சொல்லிக்கொண்டு வந்தனான், ஒவ்வொரு வசனமா." அவள் ஒரு முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "எல்லாத்தையும் கேட்டிட்டு, 'இவன் இப்ப ஒண்டும் விடாமல் சொல்லுறான்' எண்டவர்."

கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ரீவியில் வந்ததைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

"அப்பாவைக் கேட்டதாச் சொல்லும் பிள்ளை."

"நீங்களே வந்து சொல்லுங்கோ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவர் ஞாயிற்றுக்கிழமையள் வீட்டிலதான் நிக்கிறவர். அதே வீடுதான். தெரியும்தானே?"

தெரியும் என்றேன். எங்கள் வாசலிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஞாயிறு வந்தது, போனது. நான் போகவில்லை.